ஹாப்வுட் கடைக்கு ஒரு நீலப் பலகை

இங்கிலாந்தில் எல்லாவற்றையும் எண்ணுகிறார்கள். ஆற்றில் மிதக்கும் அன்னங்களை எண்ணுகிறார்கள், இரவில் குப்பைத்தொட்டியைக் கிளறும் நரிகளை எண்ணுகிறார்கள், ஜனவரி மாதக் குளிரில் ஜன்னலோரம் தேநீரோடு உட்கார்ந்து தோட்டத்துக்கு எத்தனை குருவி வந்தது என்றுகூட எண்ணி எழுதி அனுப்புகிறார்கள். ‘ஞாபகமிருக்கா’ ஆசாமிகளை மட்டும் யாரும் எண்ணுவதில்லை. எண்ண ஆரம்பித்தால் எண்ணுகிறவரே பாதியில் நின்று, “முன்னெல்லாம் காகிதத்துல பென்சிலால கோடு போட்டு எண்ணுவோமே, ஞாபகமிருக்கா?” என்று கேட்டுவிடுவார் என்ற பயமாக இருக்கலாம்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். அறுபது வயதுக்கு மேல்தான் இருப்பார்கள் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள், முப்பத்தைந்திலேயே பிடித்துக்கொள்ளும். ஒரு பழைய தரை மெழுகு டப்பாவை, மூடி துருப்பிடித்து நசுங்கியதாக இருந்தால் இன்னும் நல்லது, அவர் முன்னால் வையுங்கள். சாதாரண மனிதன் ‘டப்பா’ என்பான். நம் ஆசாமி கண்ணை மூடுவார். மூச்சை உள்ளே இழுப்பார். “அந்த வாசனை!” என்பார். பிறகு, “இப்ப எங்கே கிடைக்குது இதெல்லாம்?” என்பார். அவசரப்பட்டு, “அதே மெழுகு சூப்பர் மார்க்கெட்டில் மூன்றாவது வரிசையில் கீழ்த்தட்டில் இன்னும் கிடைக்கிறதே” என்று சொல்லித் தொலைக்காதீர்கள். உங்களை ஜென்ம விரோதியாகப் பார்ப்பார். கிடைக்கிற பொருளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

நல்ல மாதிரி ஒன்று வேண்டுமென்றால் கோல்பரி என்ற ஊருக்கு வரவேண்டும். நெவில் க்ராப்ட்ரீ, வயது எழுபத்தொன்று. முப்பத்தெட்டு வருஷம் மாவட்ட நிர்வாகத்தில் சாலைப் பெயர்ப்பலகைகளுக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ‘கோல்பரி மறைந்த கடைகள் நினைவுக் கழக’த்தின் தலைவர். மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டரைக்கு, மெதடிஸ்ட் சபை மண்டபத்தில் கழகம் கூடும். தேநீர் கொதிக்கும் சத்தத்துக்கு நடுவே தலைவர் எழுந்து நின்று, பாலத்திலிருந்து ஆரம்பித்துக் கடைவீதியின் இடதுபக்கத்தை மனப்பாடமாகச் சொல்லுவார்: பன்றி இறைச்சிக் கடை, கம்பளி நூல் கடை, உடைந்த பிஸ்கட்டை எடைபோட்டு விற்ற மளிகைக் கடை, தொப்பிக் கடை, ஜாடி ஜாடியாக மிட்டாய் வைத்திருந்த விதவையின் கடை, காது கேளாத சகோதரர்கள் நடத்திய மீன் கடை. எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டு கூடவே முணுமுணுப்பார்கள். இறைச்சிக் கடை முதலிலா நூல் கடை முதலிலா என்ற தகராறில் இரண்டு உறுப்பினர்கள் நாலு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. சர்க்கரைக் கிண்ணத்தை இந்தப் பக்கம் தள்ளச் சொல்வதென்றாலும் செயலாளர் மிஸ் எனிட் பாப்பிள்வெல் மூலமாகத்தான் சொல்ல வேண்டும்.

நெவில் வீட்டுக்கு வந்தால் கண்ணாடி அலமாரியைக் காட்டாமல் விடமாட்டார். சலவை நீலம் போட்டு முடிந்த துணி முடிச்சு, கார்பாலிக் சோப்பு, அடுப்புக்குக் கறுப்புப் பூசும் பசை என்று பலதும் அதில் இருக்கின்றன. நடுநாயகமாக இருப்பது ஒரு சுருள் டாய்லெட் பேப்பர். மெத்தென்ற இந்தக் காலத்துச் சரக்கு அல்ல, அந்தக் காலத்து முரட்டுச் சரக்கு. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு, மருந்து நாற்றம். அது எதையும் உறிஞ்சாது, இடம் மாற்றும். அவ்வளவுதான் அதன் சேவை. அதைத்தான் நெவில் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு எடுப்பார்.

அவர் மனைவி டோரீன் இந்த விஷயத்தில் பக்தி இல்லாதவள்.

“அவ்வளவு ஆசையா இருந்தா சொல்லு, மேல பாத்ரூம்ல மாட்டிவிடறேன்.”

“டோரீன், அது ஒரு வரலாற்றுச் சான்று.”

“எங்க வீட்டுல அதை வரலாறுன்னு சொல்லல, தண்டனைன்னு சொன்னோம். மெத்துனு பேப்பர் வந்த அன்னிக்கு உங்கம்மா கடை வாசல்லயே நின்னு அழுதாங்கன்னு நீதானே சொன்ன?”

“சந்தோஷத்துல அழுதாங்க.” நெவில் பெருமூச்சு விட்டார். “அந்த மாதிரி அழுகையெல்லாம் இப்ப யாருக்கு வருது?”

இப்படிப்பட்ட மனிதருக்கு, நூறு வருஷத்துப் பழைய இரும்புச் சாமான் கடை ஒன்று சொந்த ஊரிலேயே இன்னும் உயிரோடு இருந்தால் எப்படி இருக்கும்? சங்கடமாகத்தான் இருக்கும். ஹாப்வுட் கடை அப்படிப்பட்டது. மூன்றாம் தலைமுறை. கீத் ஹாப்வுட், அறுபத்துநாலு வயது, பழுப்பு மேலங்கி, காதில் பென்சில். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். எந்த அறையில் என்ன இருக்கிறதோ அதில் ஒன்று வெளியே ஒட்டியிருக்கும். ஒரே ஒரு திருகாணி வேண்டுமென்றால் ஒன்றுதான் தருவார், அதையும் காகிதப்பையில் போட்டு. “எதுக்கு? எந்தச் சுவர்?” என்று கேட்டு, நீங்கள் கேட்டதை விட்டுவிட்டுச் சரியானதைக் கொடுப்பார்.

செவ்வாய், வெள்ளி, காலை பதினொரு மணிக்கு நெவில் வருவார். மண்ணெண்ணெயும் சணலும் பாச்சை உருண்டையும் கலந்த காற்றை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு கல்லா மேல் முழங்கையை ஊன்றி நாற்பது நிமிஷம் பேசுவார். இந்த மாதிரிக் கடை இனிமேல் வராது என்பார். கைபேசியில் நாலு படம் எடுப்பார். கதவுக் கீல் ஒன்றைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்து, அதன் எண்ணையும் படம் பிடித்துக்கொள்வார். பிறகு வெறுங்கையை வீசிக்கொண்டு போய்விடுவார். இரண்டு நாளில் அதே கீல், எங்கோ ஒரு கிடங்கிலிருந்து தலையணை அளவு அட்டைப்பெட்டியில் அவர் வீட்டு வாசலில் வந்து விழும். வாரத்துக்கு நாலு பெட்டி இப்படி விழுகிறது. இதில் அவருக்கு எந்த உறுத்தலும் இல்லை என்பதுதான் விசேஷம். கடை என்பது சாமான் வாங்குகிற இடம் என்ற எண்ணமே அவருக்கு எப்போதோ போய்விட்டது. கடை பெருமூச்சு விடுகிற இடம். டோரீன்தான் துணிக் கிளிப்பு, பல்பு, தரை துடைக்கும் மாப்பு என்று ஏதாவது அங்கே வாங்கிக்கொண்டிருந்தாள்.

போன ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கீத் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

“செப்டம்பர் கடைசியோட வாடகை ஒப்பந்தம் முடியுது, நெவில். புதுப்பிக்கறதா வேண்டாமான்னு தெரியல. வர்றவங்க குறைஞ்சுட்டாங்க.”

நெவிலுக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்யில்லை, உண்மையான கண்ணீர். கீத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அதே சமயம் நெஞ்சுக்குள் ஒரு மூலையில் ஏதோ ஒன்று துள்ளிக் குதித்தது. அதற்குப் பெயர் சந்தோஷம் என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் கோபத்தில் கொதித்துப்போய், சொன்னவருக்கு அந்த வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பாமலே இருந்திருப்பார்.

அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. எப்போதும் பதினேழு பேர் வருகிற இடத்தில் நாற்பத்துமூன்று பேர், நாற்காலி போதவில்லை. முதல் தீர்மானம், ஆழ்ந்த வருத்தம். ஒருமனதாக நிறைவேறியது. இரண்டாவது, பழைய படங்களின் கண்காட்சி. அதுவும் ஒருமனதாக. மூன்றாவது தீர்மானத்தைத் தலைவரே எழுந்து முன்மொழிந்தார். கவிஞர் குடியிருந்த வீட்டுச் சுவரிலும் தளபதி செத்த வீட்டுச் சுவரிலும் வட்டமான நீல நிறப் பலகை பதிக்கிறார்களே, துடைப்பம் விற்ற சுவர் மட்டும் என்ன பாவம் செய்தது? கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது. வாழ்நாளெல்லாம் பலகை செய்தவர் அல்லவா, எழுத்தின் அளவுகூட நெவில் மனதில் தயாராக இருந்தது.

பின்வரிசையில் யாரோ மெல்லக் கேட்டார்கள்: “கடை இன்னும் மூடலையே?”

“மூடினப்புறம் ஆர்டர் குடுத்தா திறப்பு விழாவுக்கு வந்து சேராது” என்றார் நெவில்.

அப்போது டோரீன் கையைத் தூக்கினாள்.

“ஆளுக்கு ஒரு பல்பு வாங்கினா என்ன?”

யாரோ இருமினார்கள். யாரோ ஏற்கெனவே கலக்கி முடித்த தேநீரை மறுபடி கலக்கினார்கள்.

“நிகழ்ச்சி நிரல்ல அது இல்லை, டோரீன்.”

“கடைசியில ‘இதர விஷயங்கள்’னு ஒண்ணு இருக்குமே?”

“இதர விஷயங்களுக்கு நேரமில்ல கண்ணு” என்றாள் மிஸ் எனிட், குறிப்பேட்டை மூடிக்கொண்டே. “நாலரைக்கு இங்க யோகா வகுப்பு.”

பலகை நாலே நாளில் வந்துவிட்டது, வழக்கம்போல அட்டைப்பெட்டியில். ‘ஹாப்வுட் இரும்புச் சாமான் கடை இங்கே இருந்தது’ என்று வெள்ளை எழுத்தில், தொடங்கிய வருஷமும் முடிந்த வருஷமும் போட்டு, கச்சிதமாக இருந்தது. நெவில் அதைக் குளியல் துண்டில் சுற்றி மாடிப்படிக்கு அடியில் வைத்தார். தினமும் இரண்டு முறை எடுத்துப் பார்த்தார்.

இதற்குள் ஊரில் சேதி பரவிவிட்டது. கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று ஜனங்கள் ஹாப்வுட் கடைக்குள் நுழைய ஆரம்பித்தார்கள். அங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது. மணி அடிக்கிற கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனவர்களுக்கு, எதிரே ஒரு மனிதர் பழுப்பு மேலங்கியில் நின்றுகொண்டு “என்ன வேணும்?” என்று கேட்கும்போது ஒன்றும் வாங்காமல் வெளியே வரக் கூச்சம். நெவிலைப் போலப் பழக்கப்பட்டவர்களுக்குத்தான் அந்தக் கூச்சம் போயிருந்தது. ஆகவே ஒருத்தி எலிப்பொறி வாங்கினாள். ஒருவர் குளியல்தொட்டி அடைப்பான் வாங்கினார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அடைப்பான் கனகச்சிதமாகப் பொருந்துகிறது! ஆறு வருஷமாக ஒழுகிய குழாய்க்கு எந்த வாஷர் போடவேண்டும் என்று அந்த மனிதர் நாலு கேள்வி கேட்டே சொல்லிவிடுகிறார்! மறுவாரம் அவர்களே திரும்பி வந்தார்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு. சனிக்கிழமை கடைக்கு வெளியே வரிசை நின்றது. வரிசை நிற்பதைப் பார்த்தால் அந்த ஊர்க்காரர்கள் எதற்கென்று கேட்காமலே போய் நின்றுகொள்வார்கள் என்பதும் ஒரு காரணம்.

கீத்தின் முகத்தில் ரத்தம் ஊறியது. டோரீன் துணிக் கிளிப்பு வாங்கப் போனபோது மனம் திறந்து பேசினார்.

“கையெழுத்துப் போட்டுடலாம்னு இருக்கேன், டோரீன். அஞ்சு வருஷத்துக்கு. வீட்டுல உக்காந்து என்ன பண்ணுவேன்? என் சம்சாரம் மார்ஜரி போனதுல இருந்து ஞாயித்துக்கிழமை ஒண்ணையே என்னால தள்ள முடியல. காலைல எட்டரைக்கு இந்தக் கதவைத் திறக்கத்தான் எந்திரிக்கறேன்.”

டோரீன் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து, வறுத்த மீனும் பட்டாணியும் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவனிடம் சொன்னாள். “கேட்டியா? கடை பொழச்சுக்கிச்சு!”

நெவிலின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. பலகை படிக்கு அடியில் இருக்கிறது. மேயரம்மா வருவதாக எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருக்கிறார். எண்பது அழைப்பிதழ் போய்விட்டது. சுத்தியலும் ரம்பமும் சர்க்கரையில் செய்து மேலே வைத்த பழக் கேக்குக்குச் சொல்லியாகிவிட்டது. உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் போட்டோ எடுக்க வருகிறான். பதினொரு நிமிஷப் பேச்சு ஒன்றைக் கண்ணாடி முன் நின்று பழகி, எந்த இடத்தில் தொண்டை அடைக்கவேண்டும் என்பதுவரை குறித்து வைத்திருக்கிறார். இவ்வளவுக்கும் நடுவில் இந்த மனிதர் கடையை மூடமாட்டேன் என்றால் என்ன அர்த்தம்?

“என்ன, சந்தோஷமா இல்லையா உனக்கு?” என்றாள் டோரீன்.

“ரொம்ப சந்தோஷம்” என்றார் நெவில், கருமாதி வீட்டுக் குரலில்.

மறுநாள் காலை, கிழமை எதுவென்றுகூடப் பார்க்காமல், பலகையைத் துண்டோடு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்குப் போனார். ஒரு வார்த்தை பேசிப் பார்க்கலாம் என்றுதான் போனார். அதற்குப் பலகை எதற்கு என்று அவருக்கே தெரியாது. கல்லா மேல் ஒப்பந்தக் காகிதம் விரித்திருந்தது. பக்கத்தில் மூடி கழற்றிய பேனா.

“வாங்க நெவில்! பன்னெண்டு மணிக்குக் கட்டடச் சொந்தக்காரரோட ஏஜென்ட் வந்து வாங்கிட்டுப் போறார். அதுக்குள்ள போட்டுடணும்.”

“நல்லது, நல்லது.” நெவில் தொண்டையைக் கனைத்தார். “அஞ்சு வருஷம்னா... ஏணி ஏறி எறங்கணுமே, கீத்.”

“எங்கப்பா எழுபத்தெட்டு வரைக்கும் ஏறினாரு.”

“ஸ்பெயின் பக்கம் போய் வெயில்ல காலை நீட்டி உக்காரலாமே, இத்தனை வருஷம் உழைச்சதுக்கு.”

“எனக்கு வெயில் ஒத்துக்காது. தோல் உரிஞ்சுடும். அது என்ன, துண்டுக்குள்ள?”

“அதுவா? ஒண்ணுமில்ல. டோரீனோடது...”

டோரீனுடையது என்று சொல்லக்கூடிய வட்டமான, கனமான பொருள் எதுவும் அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. துண்டு வேறு நழுவியது. கீத் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தன் பெயரைப் படித்தார். தாத்தா கடை திறந்த வருஷத்தைப் படித்தார். முடிந்த வருஷத்தைப் படித்தார். அது இந்த வருஷம்.

வேறு எந்த நாடாக இருந்தாலும் அந்தப் பலகை அங்கேயே, அப்போதே, நெவிலின் மண்டையில் பதிக்கப்பட்டிருக்கும். கீத்துக்குக் காது நுனிவரை சிவந்தது.

“அடடா, சாரி” என்றார். ஆம், சொன்னவர் அவர்தான். “எழுத்தெல்லாம் போட்டாச்சா? எனக்குத் தெரியாமப் போச்சே. ரொம்ப சாரி, நெவில்.”

“பரவாயில்ல, பரவாயில்ல. மேயரம்மாவும் வர்றதாச் சொல்லிட்டாங்க, அதான்...”

“மேயரம்மாவா! கழுத்துல பதவிச் சங்கிலியெல்லாம் போட்டுக்கிட்டா?”

“சங்கிலியோடதான். கேக்கும் சொல்லியாச்சு.”

கீத் காகிதத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். தனக்காக இத்தனை பேர் சிரமப்பட்டிருக்கிறார்கள். இப்போது போய்க் கடையை மூடாமல் இருந்தால் எவ்வளவு மரியாதைக்கேடு! ஒரு ஆங்கிலேயனைக் கொல்ல வேண்டுமானால் கத்தி தேவையில்லை, அவனால் நாலு பேருக்குத் தொந்தரவு என்று சொன்னால் போதும். ஆனாலும் அவருக்கும் உயிர் ஆசை இருந்தது. அதுவரை யாரிடமும் கேட்டிராத ஒன்றை, இழுப்பறைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“நெவில், நான் கடையை நடத்தினா நீங்க இங்க சாமான் வாங்குவீங்களா? வாங்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மேயரம்மா வீட்டுக்கு நானே போய் மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

நெவிலுக்கு முகம் சுட்டது. அந்த ஊரில் அவரைவிட அந்தக் கடையை நேசித்தவர் யாரும் இல்லை, அது சத்தியம். குழாய் வெடித்து வீடெல்லாம் தண்ணீர் நின்ற ஒரு பனிக்காலத்தில், கூப்பிட்ட கால்மணி நேரத்தில் குறடோடு வந்து நின்றவர் இதே கீத். அது நினைவுக்கு வந்தது. ‘வாங்கறேன்’ என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. கூடவே, வாசலில் வந்து கிடக்கும் அன்றைய அட்டைப்பெட்டியும், பாலிதீன் உறையில் போட்டுப் பத்திரப்படுத்திய மேயரம்மாவின் கடிதமும், தொண்டை அடைக்க வேண்டிய அந்த இடமும் நினைவுக்கு வந்தன. நாற்பது வருஷமாகத் தெரிந்த மனிதர் பதிலுக்காக நிற்கிறார்.

“பாக்கலாம், கீத்” என்றார் நெவில்.

கீத் தலையை ஆட்டினார். பேனாவை எடுத்து, மெதுவாக, மூடியைப் போட்டார்.

செப்டம்பர் கடைசி சனிக்கிழமை விழா. தூறல். எண்பதுக்கு மேல் குடைகள். மேயரம்மா சங்கிலியோடு வந்தார். அப்போதுதான் தெரிந்தது, செங்கல் சுவரில் ஓட்டை போட்டுப் பலகையை மாட்டக் கழகத்தில் ஒருவருக்கும் தெரியாது. மறைந்துபோன கருவிகள் எல்லாவற்றின் பெயரும் தெரிந்த நாற்பத்துமூன்று பேர், ஒரு டிரில்லை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கீத்தான் உள்ளே போய் ஏணியையும் டிரில்லையும் பித்தளைத் திருகாணி நாலையும் எடுத்துவந்தார். ஏறினார். துளை போட்டார். ரசமட்டம் வைத்துப் பார்த்து, “இடது பக்கம் ஒரு நூல் தூக்கியிருக்கு” என்று கழற்றித் திரும்ப மாட்டினார். தன் கடைக்கான கல்லறைப் பலகையைக் கோணலாக வைக்க அவருக்கு மனமில்லை.

நெவில் பேசினார். குறித்த இடத்தில் தொண்டை அடைத்தது. கூட்டம் மூக்கைச் சிந்தியது. பிறகு போட்டோவுக்கு எல்லாரும் பலகைக்குக் கீழே நெருங்கி நின்றார்கள். மேயரம்மா நடுவில், நெவில் அவர் பக்கத்தில், ஓரத்தில் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீத். பத்திரிகைக்காரன் எடுக்கப்போகும் நேரத்தில் நெவிலின் கண் ஓரத்துக்குப் போனது.

“கீத், தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துக்கறீங்களா? நீங்க அந்த மேலங்கியோட நின்னா கடை இன்னும் இருக்கற மாதிரியே தெரியுது.”

“சாரி, சாரி” என்று கீத் நகர்ந்துகொண்டார்.

பார்க்கச் சகிக்கவில்லை. டோரீனுக்கும் சகிக்கவில்லை. வரிசையிலிருந்து வெளியே வந்தாள். ஏணியின் மறுமுனையைப் போய்த் தூக்கினாள்.

“எங்க போற, டோரீன்? கேக் வெட்டப்போறோம்.”

“நீயே தின்னு” என்றாள். “சுத்தியலையும் சேத்துத் தின்னு.”

இரண்டு பேரும் ஏணியைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் திரும்பினார்கள். போட்டோ நன்றாக வந்தது. கழகத்தின் இணையப் பக்கத்தில் ஒரே நாளில் அறுநூறு பேர் இதயம் போட்டார்கள். ‘இப்படிப்பட்ட கடைகளை ஆதரிக்க இந்த நாட்டில் ஆளே இல்லையா?’ என்று ஒருவர் கொதித்திருந்தார். ‘மனசு கனக்கிறது’ என்று நெவில் அவருக்குப் பதில் எழுதினார். உண்மையாகவே கனத்தது. அதுதான் இந்த ஆசாமிகளிடம் இருக்கிற பெரிய ஆபத்து. அவர்கள் நடிக்கிறார்கள் என்று சொல்லி உங்களால் கோபித்துக்கொள்ளக்கூட முடியாது.

இப்போது நெவிலுக்குச் செவ்வாயும் வெள்ளியும் காலியாக இருக்கின்றன. சந்தைத் திடலுக்கு எதிரே செருப்புத் தைக்கும் வில்ஃப் பார்ட்ரிட்ஜ் கடை இருக்கிறது. போன வாரம் அதன் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கண்ணில் ஒரு ஈரம். பிறகு கதவைத் திறந்து தலையை நீட்டி, “எப்படி இருக்கீங்க, வில்ஃப்? உடம்பெல்லாம் பரவாயில்லையா?” என்று அன்பொழுகக் கேட்டார்.

“நல்லா இருக்கேன்!” என்று அலறினார் வில்ஃப், வாயில் வைத்திருந்த ஆணியைத் துப்பிவிட்டு. “ரொம்ப நல்லா இருக்கேன்! போன மாசம்தான் புது மெஷின் வாங்கினேன்! நீங்க வேற எங்கயாவது போங்க!”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். கோல்பரி உங்களுக்கு ஏழு கடல் தாண்டித்தானே இருக்கிறது. நீங்கள் அந்த ஜாதியே இல்லை. காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய பல்பொடிப் பொட்டலத்தின் படம் வந்ததே, அதைப் பதினாலு பேருக்கு அனுப்பிவைத்தது வேறு யாரோ. அனுப்பிய அதே விரலால் பத்து நிமிஷத்தில் வீட்டு வாசலுக்கு வரும்படி உப்பும் தீப்பெட்டியும் ஆர்டர் போட்டதும் வேறு யாரோ. போன வாரம் தெருமுனை அண்ணாச்சி கடையைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தி, “என்ன அண்ணாச்சி, இன்னும் நடத்தறீங்களா? பரவாயில்லையே!” என்று வாய் நிறையப் பாசத்தோடு விசாரித்தீர்களே, அதற்காக உங்களைக் குறை சொல்ல முடியுமா? விசாரித்துவிட்டு என்ன வாங்கினீர்கள்?